வீட்டுக்குள் வந்ததும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ்: சுயாதீன மறுஆய்வு என்பது எதை ஆராய்வது?

போலீசார் வீட்டுக்குள் நுழைந்து சோதனையிட்டதைக் குறித்து ஒருவர் புகார் கொடுக்கிறார். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, புகாரில் உண்மைத்தன்மை இல்லை என்று விசாரணையில் தெரியவருவதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற பொருளில் நான்கு வரிப் பதில் வருகிறது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு மேல் யாரிடம் போவது என்று அவர் கேட்கும்போதுதான் "சுயாதீன விசாரணை" என்ற சொல் பேச்சுக்குள் வருகிறது. செய்திகளில் அடிக்கடி அடிபடும் இந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோரிக்கைகள் கலந்து கிடக்கின்றன. நடந்த சம்பவத்தைப் போலீஸ் அல்லாத ஒருவர் முதலிலிருந்து விசாரிப்பது ஒன்று. புகார் வந்த பிறகு அதைப் போலீஸ் துறை எப்படிக் கையாண்டது என்பதை வெளியார் ஒருவர் சரிபார்ப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் முதலாவதற்குக் குறைகளோடு கூடிய சில வழிகள் உள்ளன. இரண்டாவதற்கென்று தனி அமைப்பு இல்லை. இந்த இல்லாமையின் விளைவு என்ன, இருக்கும் சட்டத்தை வைத்து அதில் எவ்வளவை ஈடுகட்ட முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போலீஸ் எப்போது வீட்டுக்குள் வரலாம்?

வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் கால் வைக்கவே கூடாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. சந்தேகம் என்றால் எங்கும் எப்போதும் நுழையலாம் என்று சில போலீசார் நடந்துகொள்வதும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வீட்டுக்குள் நுழைவதற்கான முக்கிய வாயில்களைத் தனித்தனியாக வகுத்திருக்கிறது.

1. நீதிமன்றம் தரும் சோதனை ஆணை. 96, 97 பிரிவுகளின்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) எழுத்துமூலம் பிறப்பிப்பது. ஆணையில் சொல்லப்பட்ட இடத்துக்கும் நோக்கத்துக்கும் அது கட்டுப்பட்டது.

2. புலனாய்வின்போது ஆணை இல்லாமல் செய்யும் சோதனை. பழைய சட்டத்தின் 165-ஆம் பிரிவு, இப்போது 185-ஆம் பிரிவு. ஒரு குற்றத்தின் புலனாய்வுக்குத் தேவையான பொருள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்றும், தாமதமின்றி வேறு வழியில் அதைப் பெற இயலாது என்றும் நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், தேடும் பொருள் எது என்பதையும் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அதிகாரி தானே போக முடியாமல் கீழ்நிலை அலுவலரை அனுப்பினால், இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு எழுத்துமூலம் உத்தரவு தர வேண்டும்.

3. கைது செய்வதற்காக நுழைவது. 44-ஆம் பிரிவின்படி, கைது செய்யப்பட வேண்டிய ஆள் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், வீட்டில் இருப்பவர் போலீசாரை உள்ளே விட வேண்டும். தான் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பதைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி கேட்ட பிறகும் திறக்காவிட்டால்தான் உடைத்து நுழையும் அதிகாரம் பொதுவாக எழுகிறது.

4. சிறப்புச் சட்டங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு ஒரு விதி, இரவுக்கு அதைவிடக் கடுமையான விதி என்று அது பிரிக்கிறது. போதிய காரணமின்றித் தொல்லைதரும் நோக்கில் நுழைந்தாலோ சோதனையிட்டாலோ அந்த அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவு சொல்கிறது. தொல்லைச் சோதனையைத் தனிக் குற்றமாகப் பெயர் சொல்லி வைத்திருக்கும் சட்டங்கள் அதிகமில்லை.

இவை தவிர, சாதாரணமாகக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க வருவதும் உண்டு. பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரவழைக்காமல், அவர்கள் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், போலீஸ் வீட்டுக்கு வருவது பல நேரங்களில் அவர்களுடைய பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனால் விசாரிக்க வந்தவருக்கு பீரோவைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இல்லை. பிற்பாடு எழும் தகராறுகளில் பெரும்பகுதி இந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது. விசாரிக்கத்தான் போனோம் என்று ஒரு தரப்பும், சோதனை போட்டார்கள் என்று மறு தரப்பும் சொல்லும்.

பெண் போலீஸ் இல்லாமல் நுழைந்ததாலேயே நுழைவு சட்டவிரோதம் என்ற வாதமும் புகார்களில் வருவதுண்டு. பெண் ஒருவரின் உடலைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். சூரிய மறைவுக்குப் பின், உதயத்துக்கு முன் பெண்ணைக் கைது செய்வதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டுக்குள் நுழைவதற்கு அப்படியொரு பொதுத்தடை சட்டத்தில் இல்லை. புகாரில் இப்படிப்பட்ட பலவீனமான வாதத்தை முதலில் வைத்துவிட்டால், பதில் எழுதும் அதிகாரி அதை மட்டும் மறுத்துவிட்டுப் பிறவற்றைத் தொடாமலே கோப்பை மூடிவிட முடியும்.

சரித்திரப் பதிவேடும் நள்ளிரவுக் கதவுத்தட்டலும்

சென்னையில் ரவுடிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் வீடுகளுக்கு இரவில் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் வழக்கம் பழையது. பட்டியலில் இருப்பவரை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) வைத்திருப்பார்கள். அந்த ஆள் வீடு மாறிப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பழைய முகவரியில் கதவு தட்டப்படுவது, வடசென்னையின் குறுகிய தெருக்களில் குடியிருப்போர் அறியாத செய்தி அல்ல.

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரிலேயே எல்லைகட்டியது. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகி, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். அப்படியும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டது. சௌகிதார் எனப்படும் ஊர்க் காவலாளும் போலீஸ் காவலர்களும் இரவில் வந்து கதவைத் தட்டிக் கத்தி எழுப்புவது வாடிக்கையானது. ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இரவில் வீடு தேடி வருவதை அனுமதித்த போலீஸ் ஒழுங்குமுறை விதியை மட்டும் பிரித்தெடுத்து, அது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் உறுப்புக்கு முரணானது என்று ரத்துசெய்தது. தனியுரிமை அடிப்படை உரிமையல்ல என்று அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன பகுதி, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி தீர்ப்பினால் தகர்ந்தது. ஆகவே, பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே இரவில் ஒரு வீட்டுக்குள் நுழையப் போதுமான காரணம் ஆகாது என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்ற சட்டம். ஆனாலும் புகாருக்கு வரும் பதிலில் "வழக்கமான ரவுடி சோதனை" என்ற சொற்கள் ஒரு முழு விளக்கமாக எழுதப்படுகின்றன. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்ற கேள்விக்கு அது விடையே அல்ல.

புகார் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது?

சோதனை சட்டவிரோதமாக நடந்தால், அதில் கிடைத்த பொருளை நீதிமன்றம் தள்ளிவிடும் என்று திரைப்படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் எதிர்பார்க்கலாம். இந்தியச் சட்டத்தின் பொதுநிலை அதுவல்ல. 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த சான்று வழக்கோடு தொடர்புடையதாக இருந்தால் அதைப் பயன்படுத்தத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. சில சிறப்புச் சட்டங்களில் இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பொதுவிதி இன்றும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

இதன் விளைவு பெரிது. சான்று தள்ளுபடியாகும் என்ற அச்சம் இல்லாதபோது, விதிகளைக் கடைப்பிடிக்கப் போலீசாரை உந்துவதற்கு எஞ்சியிருப்பது துறை ஒழுங்கு நடவடிக்கையும் புகார் விசாரணையும்தான். மேலும், எதுவும் கைப்பற்றப்படாத, யாரும் கைதாகாத சோதனைகள் பெரும்பாலும் நீதிமன்றத்தின் கண்ணுக்கு வருவதில்லை. வழக்கு இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அந்தக் குடும்பத்துக்குப் புகார் மனு ஒன்றே நீதியின் வாசல். அந்த மனுவுக்கு வரும் பதிலின் தரத்தைச் சோதிக்க ஆள் இல்லையென்றால், இவ்வகை நுழைவுகளைச் சோதிக்க ஆளே இல்லை என்றுதான் ஆகிறது.

சென்னையில் ஒரு புகார் நகரும் பாதை

ஒரு கற்பனைச் சூழலை வைத்துக்கொள்வோம். பெரம்பூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம். இரவு ஒன்றரை மணிக்கு மஃப்டியில் ஆறு பேர் வருகிறார்கள். மூத்த மகனைக் கேட்கிறார்கள்; அவர் ஊரில் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் பெயர்கிறது, பீரோ கலைக்கப்படுகிறது, இளைய மகனின் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காகிதம் எதுவும் தரவில்லை. காலையில் தாய் அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போகிறார். "நம்ம ஸ்டேஷன்ல இருந்து யாரும் வரலையேம்மா, எந்த டீம்னு தெரியலை" என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் பதிலுக்குச் சென்னையில் ஒரு நிர்வாகப் பின்னணி உண்டு. 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புதிய ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கிய பிறகு, மக்கள் ஒரே நகரம் என்று நினைக்கும் பரப்பு மூன்று போலீஸ் எல்லைகளாகி இருக்கிறது. தனிப்படைகள் இந்த எல்லைகளைத் தாண்டித்தான் வேலை செய்கின்றன. குற்றப்பிரிவுகளின் படைகளும் வெளிமாவட்டப் படைகளும் வேறு வருகின்றன. ஆகவே உள்ளூர் ஆய்வாளர் உண்மையாகவே அறியாமல் இருக்கலாம். ஆனால் அவர் அறியாமல் இருப்பதே ஒரு விதிமீறலுக்கான தடயம். தன் எல்லைக்கு வெளியே சோதனை நடத்தும் அதிகாரி, அந்த இடத்துக்கு உரிய ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கு உடனே அறிவிப்பும், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலும் அனுப்ப வேண்டும் என்று 186-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அந்த அறிவிப்பு வந்ததா, வரவில்லையா என்பது ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வி. பெரும்பாலான புகார்களில் இந்தக் கேள்வி இடம்பெறுவதில்லை.

தாய் மனு எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குகிறார், அல்லது வேப்பேரியிலுள்ள ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கிறார். வேப்பேரியில் கொடுத்த மனு துணை ஆணையருக்கும், அங்கிருந்து உதவி ஆணையருக்கும், அங்கிருந்து ஆய்வாளருக்குமாக இறங்கிவரும். மேலே கொடுத்த மனு கீழே வந்து, யார்மீது புகாரோ அவருடன் பணியாற்றுபவரின் மேசையில் உட்காருவது இந்த இறக்கத்தின் இயல்பான முடிவு. விசாரிக்கும் அதிகாரி அந்தக் குழுவினரிடம் விளக்கம் கேட்கிறார்; அவர்கள் மறுக்கிறார்கள்; தாயின் வாக்குமூலத்துக்கு "வேறு சாட்சி இல்லை" என்று குறிப்பெழுதப்படுகிறது; மனு முடிக்கப்படுகிறது. எதிர்வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. தெருமுனைக் கடையின் சிசிடிவி பதிவை யாரும் வாங்கவில்லை, அது சில நாட்களில் தானாக அழிந்தும் போயிருக்கும்.

இதில் எந்த அதிகாரியும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்யப்படாத விசாரணையே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. தவறு நிரூபிக்கப்பட்டால் கீழ்நிலைப் போலீசார்மீது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின் கீழ் 3(ஏ) அல்லது 3(பி) குறிப்பாணை வழங்கலாம். முதலாவது சிறு தண்டனைக்கும் இரண்டாவது பெருந்தண்டனைக்கும் உரியது. அந்தக் கட்டம்வரை கோப்பு போகுமா என்பதே கேள்வி.

மறுஆய்வு என்றால் என்ன?

இந்த இடைவெளியை அடைக்கவே சில நாடுகள் புகார் கையாளுதலின் மறுஆய்வு என்ற தனி நடைமுறையை உருவாக்கியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஏற்பாடு இதில் விளக்கத்துக்கு வசதியானது. அங்கே 2013 ஏப்ரல் 1 அன்று, சிதறிக் கிடந்த வட்டாரப் போலீஸ் படைகள் ஒரே படையாக்கப்பட்ட அதே நாளில், போலீஸ் புலனாய்வு மற்றும் மறுஆய்வு ஆணையர் என்ற பதவியும் செயல்படத் தொடங்கியது. புகாரை முதலில் போலீஸ் துறைதான் விசாரித்துப் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் நிறைவடையாதவர், மூன்று மாதங்களுக்குள் ஆணையரிடம் மறுஆய்வு கோரலாம்.

ஆணையர் சம்பவத்தை மறுபடி விசாரிப்பதில்லை. போலீஸ்காரர் கதவை உடைத்தாரா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் கேட்பது வேறு வகைக் கேள்விகள்:

1. புகார்தாரர் சொன்ன ஒவ்வொரு குற்றச்சாட்டும் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டதா? நுழைந்தது ஒன்று, உடைத்தது ஒன்று, காகிதம் தராதது ஒன்று, மரியாதைக் குறைவாகப் பேசியது ஒன்று. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே வரியில் மறுத்தார்களா?

2. போதிய விசாரணை நடந்ததா? கிடைக்கக்கூடிய சாட்சிகளிடம் பேசினார்களா? பதிவுகளை எடுத்துப் பார்த்தார்களா?

3. எட்டிய முடிவு, சேகரித்த சான்றுகளோடு பொருந்துகிறதா?

4. எந்த அதிகாரத்தின் கீழ் நுழைந்தார்கள் என்பதைப் பதில் விளக்குகிறதா? சட்டம் தெரியாத ஒருவருக்கும் புரியும்படி காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவா?

இவற்றில் குறை இருந்தால், புகார் நியாயமான தரத்தில் கையாளப்படவில்லை என்று ஆணையர் அறிவித்து, இன்னின்ன சாட்சியை விசாரித்துப் புதுப்பதில் தரும்படி பரிந்துரைக்கலாம். தேவையானால் புகாரையே மறுபரிசீலனை செய்யும்படி கட்டளையிடலாம். தாக்குதல் போன்ற குற்றச்செயல் பற்றிய புகார்கள் இந்த வழியில் வருவதில்லை. அவை அரசு வழக்குத்தொடுப்புத் துறையின் தனிப் பிரிவுக்குப் போகின்றன.

குறுகலான அதிகாரமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குறுகலில் ஒரு வலிமை இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சம்பவத்தில் யார் சொல்வது உண்மை என்று மூன்றாமவர் ஒருவர் ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிப்பது கடினம். விசாரணை அதிகாரி எதிர்வீட்டுக்காரரைக் கேட்டாரா என்பதைக் கோப்பைப் புரட்டியே கண்டுபிடித்துவிடலாம். தன் பதிலை வேறொருவர் இந்த அளவுகோல்களை வைத்துப் படிக்கப் போகிறார் என்று தெரிந்த அதிகாரி முதல் பதிலையே வேறு மாதிரி எழுதுவார்.

எல்லா நாடுகளும் இந்த வழியில் போகவில்லை. வட அயர்லாந்தில் 2000 முதல் இயங்கும் போலீஸ் குறைதீர்ப்பாளர், புகாரை முதல் கட்டத்திலேயே தன் கையில் எடுத்து விசாரிக்கிறார். இங்கிலாந்தில் சோதனை நடக்கும் வீட்டுக்காரரிடம், எந்த அதிகாரத்தின் கீழ் சோதனை, அவருக்கு என்ன உரிமைகள் என்று அச்சிட்ட அறிவிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. புகார் பிற்பாடு எங்கே போனாலும் அந்த ஒரு தாள் அடித்தளமாக நிற்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவை

உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் மாநிலங்களுக்கு இட்ட கட்டளைகளில் ஒன்று, போலீஸ் புகார் ஆணையங்களை அமைப்பது. மாநில அளவிலான ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும். காவல் கண்காணிப்பாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் மாநில ஆணையத்துக்கு. துணைக் கண்காணிப்பாளர் வரையுள்ளவர்கள் மாவட்ட ஆணையத்துக்கு. காவல் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றோடு, அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்திய நிகழ்வுகளையும் மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்த புகார்கள் வரக்கூடிய வாசல் அதுதான். ஆணையத்தின் பரிந்துரை, நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகார அமைப்பைக் கட்டுப்படுத்தும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது.

தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் இந்த ஆணையங்களுக்கு வேறு உருவம் கொடுத்தது. மாநில ஆணையத்தின் தலைவராக உள்துறைச் செயலரையும், உறுப்பினர்களாக டி.ஜி.பி.யையும் மற்றொரு உயர் போலீஸ் அதிகாரியையும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். நீதிபதியின் நாற்காலியில் துறையின் செயலரே அமர்ந்தால், அந்த அமைப்பைப் புகார் ஆணையம் என்று அழைக்கலாமே தவிர, சுயாதீனமானது என்று அழைக்க இயலாது. வேப்பேரியில் தொடங்கிய கோப்பு இன்னொரு படிக்கட்டு ஏறியதாகும். அரசு நிர்வாகத்தை விட்டு வெளியே வந்ததாகாது.

நடைமுறையில் சென்னைவாசிகள் அதிகம் நாடுவது கிரீன்வேஸ் சாலைப் பக்கம் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்தை. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997-இல் அமைந்த இந்த ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமை தாங்குகிறார். இது சம்பவத்தையே விசாரிக்கும் அமைப்பு. இழப்பீடு தரவும், துறை நடவடிக்கை எடுக்கவும், வழக்குத் தொடுக்கவும் பரிந்துரைக்கலாம். இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டுத் தவறிழைத்த அதிகாரியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி ஆணையம் சொல்வது வழக்கம். பரிந்துரை என்ற சொல்லை வைத்து அதை அலட்சியம் செய்ய முடியாது என்பதை, 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு தெளிவாக்கியது: ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்.

இரண்டு வரம்புகளை மறக்கக்கூடாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் ஆணையத்துக்கு வர வேண்டும். போலீசிடம் கொடுத்த மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே அந்த ஓராண்டைத் தொலைப்பவர்கள் உண்டு. அடுத்தது, ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவையும் சட்டப்படி ஐ.ஜி. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே வழிநடத்துகிறார். தலைமையில் நீதிபதி, களத்தில் போலீஸ் என்ற இந்தச் சேர்க்கை முழுமையான சுயாதீனம் அல்ல.

நடுவரிடம் போகும் வழி

சட்டத்துக்குப் புறம்பாக வீட்டுக்குள் நுழைவது, சூழ்நிலையைப் பொறுத்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றமாகவும் ஆகலாம். 329-ஆம் பிரிவு வீட்டினுள் அத்துமீறலுக்கு உரியது. புலனாய்வு நடத்தும் விதம் பற்றிச் சட்டம் இடும் கட்டளையை அறிந்தே மீறும் அரசு ஊழியருக்கு 199-ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் சிறையை வைத்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட ஸ்டேஷன் மறுத்தால், மேலதிகாரிக்கு எழுத்துமூலம் அனுப்பிவிட்டு, பிறகு நடுவரிடம் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் புதிய நடைமுறைச் சட்டம் இங்கே இரண்டு தடைக்கதவுகளைக் கூடுதலாக வைத்திருக்கிறது. பணி நிமித்தமாக எழுந்த புகார் என்றால், புலனாய்வுக்கு உத்தரவிடும் முன் நடுவர் அந்த ஊழியரின் மேலதிகாரியிடம் அறிக்கை பெற வேண்டும், ஊழியரின் விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று 175-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. நடுவரிடம் நேரடியாகத் தரும் தனிப்புகாரைக் கோப்பில் எடுக்கும்போதும் 223-ஆம் பிரிவில் இதேபோன்ற ஏற்பாடு. நடுவர் பெறும் அந்த மேலதிகாரி அறிக்கை, பெரும்பாலும் நாம் முன்பு பார்த்த அதே துறை விசாரணையின் மறுபிரதியாகத்தான் இருக்கும். முதல் விசாரணை மோசமாக நடந்திருந்தால், அதன் நிழல் நீதிமன்றம்வரை நீளும். புகாரைக் கையாண்ட விதத்தைத் தனியாகச் சோதிக்கும் அமைப்பு இல்லாததன் விலை இங்கே வெளிப்படையாகிறது.

அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படும் வழக்குகளில், 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்ற 218-ஆம் பிரிவின் விதி, மறுபக்கத்தில் கிடைத்துள்ள ஒரு முன்னேற்றம்.

பதிவுகளைக் கேட்பது

மறுஆய்வு செய்ய அமைப்பு இல்லாத நிலையில், அந்த வேலையின் ஒரு பகுதியைப் புகார்தாரரே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குப் புதிய நடைமுறைச் சட்டம், யாரும் பெரிதாகக் கொண்டாடாத ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 105, 185 பிரிவுகளின்படி சோதனையை ஒலி, ஒளிக் காட்சியாகப் பதிவு செய்ய வேண்டும். செல்போனில் எடுத்தாலும் போதும். 185-ஆம் பிரிவின் கீழ் எழுதிய காரணங்களின் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் நடுவர் அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பகுதியைச் சேர்ந்த, சார்பற்ற இரண்டு சாட்சிகள், அவர்கள் கையெழுத்திட்ட பட்டியலின் நகலை வீட்டுக்காரருக்குக் கொடுப்பது ஆகியவை 103-ஆம் பிரிவின் பழைய கட்டளைகள். மகஜர் என்று ஊரறிந்த காகிதம் அதுதான்.

நேரம் இங்கே முக்கியம். 2020-இல் சாத்தான்குளம் வழக்கில் ஸ்டேஷனுக்குப் போன நீதித்துறை நடுவர், சிசிடிவி பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை அளித்தார். பதிவுகளைப் பாதுகாக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் பொறுப்பில் விட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்கும் வசதி வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் கேமராக்கள் ஸ்டேஷனுக்குள்தான் இருக்கின்றன. பெரம்பூர் வீட்டு வாசலில் இல்லை. ஆனால் ஆறு பேர் எத்தனை மணிக்கு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்கு ஒரு செல்போனோடு திரும்பினார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும்.

ஆகவே அந்தத் தாயின் மனுவில், நடந்ததைச் சொல்லும் பத்திகளுக்குப் பிறகு, கீழ்க்கண்ட கேள்விகள் தனித்தனி எண்களோடு இருக்க வேண்டும்:

1. எந்த வழக்கு எண்ணில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் நுழைவு நடந்தது?

2. வந்த குழுவின் பொறுப்பதிகாரி யார், அவருக்கு எழுத்துமூல உத்தரவு இருந்ததா?

3. 186-ஆம் பிரிவின் கீழ் உள்ளூர் ஸ்டேஷனுக்கு அறிவிப்பு வந்ததா, எந்தத் தேதியில்?

4. காணொளி எடுக்கப்பட்டதா, எந்த நடுவருக்கு எப்போது அனுப்பப்பட்டது?

5. செல்போனுக்கு மகஜர் எழுதப்பட்டதா, சாட்சிகள் யார்?

6. ஸ்டேஷன் சிசிடிவி, தெருவிலுள்ள கேமராக்கள் ஆகியவற்றின் குறிப்பிட்ட நேரப் பதிவுகள் பாதுகாக்கப்பட்டனவா?

புகாருக்கு நான்கு வரிப் பதில் வந்தால், விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளில் விடை தர வேண்டும். புலனாய்வுக்கு இடையூறாகும் என்று மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் முடிந்துபோன மனு விசாரணைக்கு அந்தக் காரணத்தைச் சொல்வது எளிதல்ல. கிடைக்கும் அறிக்கையில் மேற்கண்ட ஆறு கேள்விகளில் எவற்றுக்கு விடை இல்லை என்று பக்கவாட்டில் குறித்து, அதை அப்படியே மனித உரிமை ஆணையத்துக்கோ, நடுவருக்கோ, உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-ஆம் உறுப்பின் கீழ் தொடுக்கும் ரிட் மனுவிலோ இணைக்கலாம். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் சொல்லப்போவது, துறை ஏற்கெனவே விசாரித்து முடித்துவிட்டது என்பதாகத்தான் இருக்கும். அந்த விசாரணையில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பதை அந்தக் குறிப்பு காட்டிக்கொடுக்கும்.